வாடிய செடிக்கெல்லாம் தண்ணீரா?

கேள்வி:

சின்னமனூரில் இருந்து எழுதுகிறேன். மாமனார் வீட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அந்த வேலையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வீட்டுக்குள் செடி வைக்க ஆசை. போன தை மாதம் மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், இசட் இசட், பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா என்று ஐந்து செடி வாங்கினேன். வீடியோக்களில் சொன்னபடி, தண்ணீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினேன். செவ்வாய், வெள்ளி தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீர், டீ வடிகட்டிய தூள், முட்டை ஓடு எதையும் வீணாக்காமல் செடிக்கே போட்டேன்.

ஆடிக் காற்று தொடங்கியதும் பீஸ் லில்லி துவண்டு சாய்ந்தது. காற்றுக்குத்தான் வாடுகிறது என்று காலையும் மாலையும் ஊற்றினேன். பத்து நாளில் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, சாக்கடை நாற்றம். இப்போது மணி பிளாண்ட் இலை மஞ்சளாகிறது. தண்டில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ராத்திரி செடி இருக்கும் அறையில் படுத்தால் மூச்சு முட்டும் என்கிறார் அத்தை. ஸ்நேக் பிளாண்ட் ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும், காற்றைச் சுத்தம் செய்யும், படுக்கையறையிலேயே வை என்கிறார் நாத்தனார். டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் குழந்தை சில நிமிடத்தில் இறந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார் வீட்டுக்காரர். எங்கள் மகளுக்கு மூன்று வயது. செடிக்கு எனக்குக் கைராசி இல்லை போலிருக்கிறது. எது உண்மை, எது பொய் என்றாவது சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, சின்னமனூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கைராசி என்று ஒன்று கிடையாது. உங்கள் பீஸ் லில்லி கவனிப்பு இல்லாமல் சாகவில்லை. அளவுக்கு மேல் கவனித்ததால் செத்தது. வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போகின்றன. நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறேன்.

வேருக்கு மூச்சு வேண்டும்

மண்ணில் தண்ணீர் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். வேரும் நம்மைப் போல ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இண்டு இடுக்குகளில் பாதி தண்ணீரும் பாதி காற்றும் இருந்தால்தான் வேர் வேலை செய்யும். தினம் இரண்டு வேளை ஊற்றும்போது அந்த இடுக்குகள் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடுகிறது. வேர் மூச்சு முட்டி நலிகிறது. நலிந்த வேரில் பித்தியம் போன்ற பூசணங்கள் ஏறுகின்றன. காற்றில்லாத மண்ணில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் நீங்கள் சொன்ன சாக்கடை நாற்றத்தைக் கிளப்புகின்றன.

இனிதான் முக்கியமான இடம். வேர் அழுகிவிட்டால் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே மண் ஈரமாக இருந்தும் இலை துவளும். காய்ந்த செடியும் துவளும், அழுகிய செடியும் துவளும். மேலே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. மண் காய்ந்திருந்து செடி துவண்டால் தண்ணீர் ஊற்றுங்கள். பீஸ் லில்லி சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் தண்ணீரை உடனே நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு செம்பும் மிச்சமிருந்த வேரையும் கெடுத்தது.

உங்கள் மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயி யாரும் செவ்வாய், வெள்ளி என்று கிழமை பார்த்து மடை திறப்பதில்லை. மண்ணைப் பார்க்கிறார்கள், கொடியின் பருவத்தைப் பார்க்கிறார்கள். கவாத்துக்கு முன்னால் சில நாள் தண்ணீரை நிறுத்துகிறார்கள். கவாத்து முடிந்ததும் பாய்ச்சுகிறார்கள். அறுவடைக்கு முன்னால் மறுபடியும் நிறுத்துகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பின்னால் இந்தப் பழக்கமும் இருக்கிறது. தண்ணீரை நிறுத்துவதும் சாகுபடிதான் என்று தெரிந்த குடும்பத்தில் இருக்கிறீர்கள். தொட்டிக்கும் அதே பாடம்தான்.

எப்போது ஊற்றுவது?

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். மண் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தால் ஊற்றுங்கள். பீஸ் லில்லிக்கு மேல்மண் காய்ந்ததுமே ஊற்றலாம். மணி பிளாண்டுக்குப் பாதித் தொட்டி காயட்டும். ஸ்நேக் பிளாண்டும் இசட் இசட்டும் வேறு சாதி. இசட் இசட் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கில் தண்ணீரைச் சேமிக்கிறது. ஸ்நேக் பிளாண்ட் தன் தடித்த இலையிலும் கிழங்கிலும் சேமிக்கிறது. இவை இரண்டுக்கும் தொட்டி முழுதும் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஐந்து செடிக்கும் ஒரே நாளில் ஒரே அளவு ஊற்றியதில்தான் தவறு தொடங்கியது.

ஊற்றும்போது கால் டம்ளர், அரை டம்ளர் என்று கஞ்சத்தனம் வேண்டாம். தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வழியும் வரை நிதானமாக ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பிறகு தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஊற்றியவுடன் என்ன கனம், காய்ந்த பின் என்ன கனம் என்று கைக்குப் பழகிவிட்டால் விரலே வேண்டாம்.

நம் பள்ளத்தாக்கில் பருவம் பெரிதும் மாறும். சித்திரை வெயிலில் ஜன்னலோரச் செடி இரண்டு நாளில் காய்ந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே செடி பத்து நாளும் ஈரமாக இருக்கலாம். ஆனி, ஆடியில் நிலைமை வேறு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. மழையைப் பெரும்பாலும் அங்கேயே இறக்கிவிட்டு, காற்று கணவாய் வழியாக நம் பக்கம் பாய்கிறது. தேனி மாவட்டத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மெல்லிய இலையுள்ள பீஸ் லில்லி அதில் தாங்குமா? இலை வழியாக ஈரம் வேகமாக வெளியேறும். வேர் நன்றாக இருந்தாலும் பகலில் துவளும். அதற்கு மருந்து கூடுதல் தண்ணீர் கிடையாது. தொட்டியைக் காற்று நேரடியாக அடிக்காத இடத்துக்கு மாற்றுவதுதான் மருந்து. காற்றடிக்கும் இடத்தை விட்டு நான்கடி உள்ளே தள்ளி வைத்திருந்தால் உங்கள் செடி பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஜல்லி வடிகால் ஆகாது

தொட்டியின் அடியில் ஜல்லியோ, செங்கல் துண்டோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலாக உள்ள நம்பிக்கை. நர்சரிக்காரர்களும் சொல்கிறார்கள். நடப்பது நேர்மாறானது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் கையில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை பொறுங்கள். இப்போது அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம் கூடியதும் கூடுதலாக வடிகிறது. அப்போதும் அடிப்பகுதி மட்டும் சொதசொதவென்று நனைந்தே இருக்கும். தொட்டி மண்ணிலும் இப்படித்தான். எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஓர் ஈரப் பட்டை நிற்கும். மண்ணின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கீழே பெரிய இடைவெளிகளோடு ஜல்லி இருந்தால், மேல்மண் முழுதாக ஊறித் ததும்பும் வரை அதற்குள் தண்ணீர் இறங்காது. ஆகவே அந்த ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கிறது. மண்ணின் உயரத்தையும் நீங்கள் குறைத்துவிட்டீர்கள். தொட்டியின் அடியில் கிடக்க வேண்டிய ஈரம் வேர்களின் நடுவுக்கு வந்துவிட்டது.

நம் பாட்டிமார் துளையின் மேல் ஒரே ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்து மண் நிரப்புவார்கள். மண் வெளியே ஒழுகாமல் இருக்க அது போதும். கொஞ்சம் தேங்காய் நாரும் போதும். வடிகால் வேண்டுமானால் மண் கலவையை மாற்ற வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் கலவை செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. வீட்டுக்குள் வைக்கும் செடிக்கு இதைவிடப் பொலபொலப்பாக இருப்பது நல்லது. செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம பங்கு எடுத்து, ஒரு கை கருக்கிய உமியும் சேர்க்கலாம். சின்னமனூரில் உமிக்கா பஞ்சம்?

தென்னைநார்க் கழிவு பற்றியும் ஒரு வார்த்தை. அது உரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். சத்து மிகக் குறைவு. கயிறு ஆலையில் இருந்து நேரடியாக அள்ளி வந்தால் உப்பும் துவர்ப்பும் இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும்.

துளை இல்லாத பீங்கான் தொட்டியில் எந்தக் கலவையும் காப்பாற்றாது. அழகுக்கு அது வேண்டுமென்றால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள்.

வெளிச்சம்தான் சாப்பாடு

இன்டோர் பிளாண்ட் என்றால் வெளிச்சம் வேண்டாத செடி என்று பொருளாகிவிட்டது. அப்படி ஒரு செடி இல்லை. இவற்றில் பல வெப்பமண்டலக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்தவை. நேர்வெயில் இல்லாமலும் தாக்குப்பிடிப்பவை. காட்டு நிழல்கூட நம் வீட்டு மூலையைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. உச்சிவெயிலில் வெட்டவெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் விழும். ஹாலின் உள்மூலையில் அது சில நூறுக்குள் அடங்கிவிடும். நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செடிக்குத் தெரியும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பகல் 11 மணி வாக்கில் செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்கள் பிரிந்து தெளிவாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகக் கை வடிவம் மட்டும் தெரிந்தால் மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், இசட் இசட் சமாளிக்கும். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வாழாது, மெல்லச் சாகும். அந்த இடத்துக்குப் பித்தளை விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குப் பார்த்த ஜன்னல் மிக நல்லது. மேற்கு ஜன்னலில் சித்திரை, வைகாசி வெயில் இலையைப் பொசுக்கும். மெல்லிய திரை போடுங்கள். வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். இருட்டு மூலையில் வைத்துவிட்டு ஜன்னலோரச் செடிக்கு ஊற்றுவது போல ஊற்றினால் அழுகல்தான்.

வாங்கி வந்ததும் சில இலை மஞ்சளாகி விழுந்தால் பதற வேண்டாம். நர்சரிகளுக்கு வரும் செடிகளில் பல, ஆந்திரத்தின் கடியம், கேரளத்தின் மண்ணுத்தி போன்ற ஊர்களில் நிழல்வலைக்குள் ஈரக்காற்றில் வளர்ந்தவை. புது இடத்துக்குப் பழகச் சில வாரம் ஆகும். அந்தச் சமயத்தில் உடனே தொட்டி மாற்றுவதும், உரம் வைப்பதும் செடிக்குக் கூடுதல் பாரம்.

டீத்தூள், எறும்பு, மாவுப்பூச்சி

சமையலறையில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் அவற்றின் இடம் மக்குக் குழி. முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. நொறுக்கிப் போட்டாலும் மண்ணில் கரைய ஆண்டுக்கணக்கில் ஆகும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவே இல்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அந்த உப்புதான். இலை நுனி பழுப்பாகக் கருகுவதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம். மழைத் தண்ணீர் பிடித்து, மாதம் ஒருமுறை அடித்துளையில் நன்றாக வழிய ஊற்றினால் உப்பு கழுவிக்கொண்டு போகும். அரிசி கழுவிய தண்ணீரில் மாவுச்சத்துதான் அதிகம். அடிக்கடி ஊற்றினால் மண் புளித்து, சிறு ஈக்கள் மொய்க்கும். தோட்டத்து வாழைக்கு ஊற்றுங்கள். அங்கே வெயிலும் மண்புழுவும் பார்த்துக்கொள்ளும்.

பாலும் சீனியும் கலந்த டீத்தூள் எறும்பை அழைத்து வரும். உங்கள் மணி பிளாண்ட் தண்டில் இருக்கும் வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. எறும்புக்கும் அதற்கும் கூட்டு உண்டு. மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றும். எறும்பு அதைத் தின்னும். பதிலுக்கு மாவுப்பூச்சியைத் தின்ன வரும் நல்ல பூச்சிகளை விரட்டும். குஞ்சுகளை அடுத்த செடிக்குச் சுமந்தும் போகும். எறும்பை ஒழிக்காமல் மாவுப்பூச்சி ஒழியாது.

இந்தப் பூச்சி உங்கள் மாமனாருக்கு நன்றாகத் தெரிந்த எதிரி. திராட்சைக் குலைக்குள் புகுந்து சந்தை விலையைக் கெடுப்பது இந்த இனம்தான். அதற்கு எதிராகக் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டைத் தோட்டத்தில் விடச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த வண்டு அது. அதன் புழு மேலெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். தெரியாதவர்கள் அதையும் சேர்த்து நசுக்கிவிடுகிறார்கள். மாவுப்பூச்சி அசையாமல் கூட்டமாக ஒட்டியிருக்கும். இந்தப் புழு அளவில் பெரியது, தொட்டால் விறுவிறுவென்று நகரும். நகர்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

உங்கள் ஒரு தொட்டிக்கு வண்டு தேவையில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தண்டிலும் இலைக்கணுவிலும் உள்ள பூச்சியை ஒற்றி எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலக்கி, வாரம் ஒருமுறை மூன்று வாரம் மாலையில் இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். அதுவரை அந்தத் தொட்டியை மற்றவற்றில் இருந்து தள்ளி வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நோயுற்ற செடிக்கு உரம் மருந்தாகாது. இலை மஞ்சளானதும் யூரியாவைத் தூவுவது வேரைச் சுட்டுவிடும். வெளிச்சம், தண்ணீர், வேர் மூன்றையும் சரிபார்த்து, புதுத் துளிர் வந்த பிறகு ஒரு பிடி மண்புழு உரம் வைத்தால் போதும்.

ராத்திரியில் மூச்சு முட்டுமா?

அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இருட்டில் செடி நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. தொட்டிச் செடி ஓர் இரவில் விடுவது சில கிராம்கூட இருக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் ஆளால் மூச்சு முட்டவில்லை என்றால் செடியால் முட்டாது என்று அத்தையிடம் தைரியமாகச் சொல்லலாம்.

நாத்தனார் சொல்வதிலும் ஓர் உண்மைத் துண்டு இருக்கிறது. வறண்ட இடத்துச் செடியான ஸ்நேக் பிளாண்ட், ஈரம் வீணாகாமல் இருக்கப் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமித்துக்கொள்கிறது. நம் ஊர்ப்பக்கம் நாருக்காக வளர்த்த மருளும் அதே குடும்பம்தான். ஆனால் ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்தச் செடியும் ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும் என்று சொல்லப்படும் துளசிக்கும் இதுவே விதி. துளசியை அதன் மணத்துக்கும் மருந்துக்கும் வழிபாட்டுக்கும் மாடத்தில் வையுங்கள். அதற்கு வெயில் வேண்டும் என்பதால் படுக்கையறை அதற்கு ஏற்ற இடமும் இல்லை.

காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக பில் வோல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி ஓர் ஆய்வு செய்தார். காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளைச் செலுத்தி, அவை குறைவதைக் கண்டார். விண்வெளி நிலையம் போன்ற மூடிய இடங்களை மனத்தில் வைத்துச் செய்த ஆய்வு அது. நம் வீடு மூடிய பெட்டியாக இல்லையே. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றுமாற்றத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று தெரிந்தது. பத்துக்குப் பத்து அறை ஏறத்தாழ 9 சதுர மீட்டர். மிகக் குறைந்த கணக்கிலேயே அந்த அறைக்கு 90 தொட்டி வேண்டும். படுப்பதற்கு இடம் இருக்காது.

நம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். மலைக்காற்று வரும். செடியைக் கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக வளர்ப்போம். அதுவே போதுமான காரணம்.

குழந்தை இருக்கும் வீட்டில்

இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்காரரின் பயத்தை முழுதும் தள்ள மாட்டேன். உங்கள் ஐந்து செடிகளில் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா, இசட் இசட் நான்கும் சேம்புக் குடும்பம். சேனையும் சேம்பும் சமைக்கும்போது ஏன் புளி சேர்க்கிறோம்? நாக்கு அரிக்கும் என்பதால். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியான படிகங்களாக அந்தக் கிழங்குகளில் இருக்கிறது. அதே ஊசிகள்தான் இந்த இலைகளிலும். டிஃபன்பேக்கியாவில் அது கடுமை. கடித்த உடனே நாக்கும் உதடும் எரிந்து வீங்கும், எச்சில் வடியும், பேச்சுக் குழறும். அந்த எரிச்சலாலேயே யாரும் நிறைய விழுங்குவதில்லை.

நிமிடத்தில் உயிர் போகும் என்ற வாட்ஸ்அப் செய்தி மிகைப்படுத்தல். ஆனாலும் மூன்று வயதுக் குழந்தையின் தொண்டை வீங்குவது சிறிய காரியம் இல்லை. குழந்தை கடித்துவிட்டால் வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். விழுங்கச் சிரமப்பட்டாலோ, மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சாறு கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

என் யோசனை இது: மகள் கொஞ்சம் பெரியவளாகும் வரை டிஃபன்பேக்கியாவை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மற்றவற்றை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஸ்நேக் பிளாண்டையும் எட்டவே வைக்க வேண்டாம். தின்றால் வயிற்றைப் புரட்டும். எல்லாவற்றையும் தூக்கிப் போடத் தேவையில்லை.

இன்னும் சில

இலைமேல் தண்ணீர் தெளித்தால் காற்றில் ஈரம் கூடும் என்பார்கள். அது சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வைப்பது அதைவிடப் பயன் தரும்.

வெயில் நேரத்தில் இலையில் தண்ணீர் பட்டால் துளி கண்ணாடி வில்லையாகி இலையைச் சுடும் என்பதும் பழைய நம்பிக்கை. 2010-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்தபோது, வழவழப்பான இலைகளில் அப்படிச் சுடவில்லை. ரோமம் அடர்ந்த இலைகளில்தான் துளி தூக்கி நின்று சுட வாய்ப்பு இருந்தது. ஆனாலும் காலையில் ஊற்றுவதே நல்லது. மதியத்தில் ஊற்றினால் கொஞ்சம் ஆவியாகிப் போகும்.

இலை பளபளக்கத் தேங்காய் எண்ணெயும் பாலும் தடவாதீர்கள். எண்ணெய் இலைத்துளைகளை அடைத்துத் தூசியைப் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் செல்வம் சேரும் என்பார்கள். பிரெஞ்சுப் பாலினீசியாவின் மூரியா தீவில் பிறந்த கொடி அது. கேட்டு வாங்கி வைத்தாலும் அதே வேகத்தில்தான் வளரும். அதைப் பாட்டிலில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கொசுவை. டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்; முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். தொட்டித் தட்டுகளுக்கும் இதே விதி.

இப்போது செய்ய வேண்டியது

மணி பிளாண்டைத் தொட்டியில் இருந்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக உறுதியாக இருந்தால் மாவுப்பூச்சியை மட்டும் பாருங்கள். கறுத்துக் கூழாகியிருந்தால் அந்த வேர்களைச் சுத்தமான கத்திரியால் வெட்டிவிட்டு, ஜல்லி இல்லாமல் புதுக் கலவையில், வேருக்கு அளவான சிறிய தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும். நல்ல தண்டுகளில் கணுவோடு இரண்டு மூன்று துண்டு வெட்டித் தண்ணீரில் வேர்விட வையுங்கள். தாய்ச்செடி போனாலும் கொடி போகாது. மற்ற மூன்று தொட்டிகளின் ஜல்லியையும் எடுத்துவிடுங்கள்.

அதற்கும் தேறவில்லை என்றால் பாதித்த இலையையும் கொஞ்சம் வேர்மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்துக்கொண்டு, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலோ, காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்கே உள்ளவர்கள் செடியைப் பார்த்துச் சொல்வார்கள். வீடியோவில் பேசுபவருக்கு உங்கள் மண்ணும் தண்ணீரும் தெரியாது.

பீஸ் லில்லியை இன்னொரு முறை வாங்குங்கள். துளையுள்ள தொட்டி, கிழக்கு ஜன்னல், தண்ணீர் ஊற்றும் முன் மண்ணில் ஒரு விரல். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால், அடுத்த ஆடிக் காற்றையும் அது தாண்டும்.